பேசிக்கா, பிளஸ்ஸா?

‘வேம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்’ என்ற கணினி விளையாட்டு 2004 நவம்பரில் வந்தது, ‘ஹாஃப்-லைஃப் 2’ வெளியான அதே நாளில். வந்ததோ அரைவேக்காடாக. கதையில் வரும் லியோபோல்டு சங்கக் குகையைவிட்டுப் படகேறினால் கேம் நின்றுவிட்டது. கன்சோலில் கட்டளை தட்டித்தான் தாண்டவேண்டியிருந்தது. மறு ஆண்டே அதை உருவாக்கிய ட்ராய்க்கா மூடப்பட்டது. பிறகு ஜெர்மனியில் ஒரு வேதியியலாளர் ஓய்வுநேரத்தில் ஓட்டையடைக்க உட்கார்ந்தார். இன்னும் எழுந்தபாடில்லை என்றே சொல்லலாம்.

அவருடைய பேட்சை நிறுவும்போது பேசிக்கா, பிளஸ்ஸா என்று கேட்கும். பேசிக் பிழைகளைத் திருத்துவதோடு நிறுத்திக்கொள்ளும். பிளஸ், பாதியில் கைவிடப்பட்ட நூலகம் போன்ற இடங்களை மீட்டுத் தரும். கூடவே விளையாட்டின் விதிகளிலும் கைவைக்கும். முதல்முறை ஆடுபவருக்கு நான் பேசிக்கைத்தான் சொல்வேன். கேமில் வரும் சாண்டா மோனிகாவின் பேய் ஹோட்டலில் விளக்கு வெடித்து, ஜாடி பறந்து வரும்போது நடுங்க வேறெதுவும் தேவையில்லை. முகங்களைப் பளபளப்பாக்கும் மோடுகள் எனக்கு ஒத்துவருவதில்லை. அந்த அழுக்குதானே அழகு!

பிளஸ் இரண்டாம் சுற்றுக்கு இருக்கட்டும். அப்போது பித்துப்பிடித்த வேம்பயர் குலமான மால்கேவியனாக ஆடிப் பாருங்கள். தெருவோர ‘ஸ்டாப்’ பலகையோடு வாய்ச்சண்டை போடலாம். அது எந்தப் பேட்சின் உபயமும் அல்ல, ட்ராய்க்காவே வைத்தது.