வாடகை அறையும் எமது மௌனமும்

புலம்பெயர் தமிழில் வீடு பற்றி எழுதப்பட்டவற்றுக்குக் குறைவில்லை. ஷெல் விழுந்து கூரை போன வீடு, இராணுவம் குடியேறிய வீடு, கிணறும் வேலியும் முற்றத்து மாமரமுமாக நினைவில் நிற்கும் வீடு என்று நாற்பது வருடங்களாகக் கவிதைகளும் கதைகளும் வந்தவண்ணம் உள்ளன. ஆனால் இவற்றை எழுதியவர்கள் எந்த அறையிலிருந்து எழுதினார்கள், அந்த அறைக்கு மாதாமாதம் எவ்வளவு கொடுத்தார்கள், அது யாருடைய அறை என்ற கேள்விகள் எமது எழுத்தில் அரிதாகவே எழுகின்றன. இழந்த வீடு இலக்கியமாகிவிட்டது. இருக்கிற வாடகை அறை சில்லறை விடயமாக ஒதுக்கப்பட்டுவிட்டது. இந்த மௌனத்துக்கு ஒரு வர்க்க உள்ளடக்கம் உண்டு என்பதே இங்கு நான் முன்வைக்க விரும்பும் விமர்சனம். ரொறன்ரோவில் முப்பது வருடங்களுக்கு மேலாக வாடகைக்கு இருப்பவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

எம்மவர் மத்தியில் வாடகை பற்றி ஒரேயொரு கருத்துத்தான் உண்டு: அது வீணாகப் போகிற காசு. எண்பதுகளின் பிற்பகுதியில் வெலஸ்லி – பார்லிமென்ற் வீதிகளை அண்டிய சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடங்களில் ஓர் அறைக்குள் ஆறேழு பேராக இருந்தவர்கள், இரண்டு வேலை செய்து, சீட்டுப் பிடித்து, ஸ்காபரோவில் வீடு வாங்கி, அதன் பேஸ்மென்றை இன்னொரு தமிழருக்கு வாடகைக்கு விடுவதே வெற்றிக் கதையின் முழு வடிவம். வாடகைக்கு இருத்தல் என்பது கடந்துபோக வேண்டிய ஒரு கட்டம் மாத்திரமே. அந்தக் கட்டத்தைக் கடக்காதவர்களிடம், 'இன்னும் அப்பார்ட்மென்றிலயோ?' என்று அனுதாபத்தோடு விசாரிக்கப்படும். எமது இலவசப் பத்திரிகைகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வீடு விற்பனை முகவர்களின் புகைப்படங்கள். அந்த விளம்பரக் காசில் ஓடும் பத்திரிகைகளிடம் வாடகையாளர் பக்கத்து நியாயத்தை எதிர்பார்ப்பது கடினம். தொழிலாளியைச் சொந்த வீட்டுக்காரனாக்குவதே குடியிருப்புப் பிரச்சினைக்குத் தீர்வு என்று வாதிட்டவர்களை எதிர்த்து ஏங்கெல்ஸ் 1872இல் எழுதினார். அவரைப் படித்து வளர்ந்த எமது இடதுசாரிகள்கூட இந்த நகரத்தில் அந்த விவாதத்தைத் தொடரவில்லை.

சொந்த வீடு என்ற இந்தக் கருத்தியல் எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்துக் காணியுடைய குடும்பங்களுக்கு வீடு என்பது சீதனம். மகளின் பெயரில் எழுதப்படுவது. வாடகைக்கு இருத்தல் வெள்ளவத்தைக்குப் போன உத்தியோகத்தர்களின் அனுபவம். ஆனால் எல்லோருக்கும் அப்படியொரு வீடு இருந்ததா? ஒடுக்கப்பட்ட சாதியினரில் பலர் மற்றவரின் காணியில், காணிக்காரரின் தயவில் குடியிருந்தார்கள். உரிமை கேட்டபோது 'காணியை விட்டு எழும்பு' என்ற சொல்லே அவர்களுக்கெதிரான ஆயுதமாயிற்று. மலையகத்தில் லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். ஆகவே குடியிருக்கும் இடம் மற்றவனுடையதாக இருப்பதன் அரசியல் எமக்குப் புதிதல்ல. காணியுடையவர்களின் நினைவையே முழுச் சமூகத்தின் நினைவாக எழுதியதால் அது மறக்கப்பட்டது.

இனி இந்த நகரத்துக்கு வருவோம். வாடகை உயர்வதை மழை பெய்வதுபோல ஓர் இயற்கை நிகழ்வாகவே நாம் பேசுகிறோம். அது சட்டங்களால் ஆக்கப்பட்டது. ஒன்ராறியோவில் வாடகைக் கட்டுப்பாடு 1975இல் வந்தது. 1993இல் மத்திய அரசு புதிய சமூக வீடமைப்புக்கான நிதியை நிறுத்தியது. 1995இல் மாகாணத்தில் ஆட்சிக்கு வந்த மைக் ஹாரிஸின் பழமைவாத அரசு தன் பங்குக்கு வீடமைப்புத் திட்டங்களை இரத்துச் செய்தது. அதே ஆண்டில் வெல்ஃபெயர் கொடுப்பனவை 21.6 வீதம் வெட்டியது. பின்னர் 1998 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, குடியிருப்பவர் வெளியேறியதும் அடுத்தவருக்கு விரும்பிய வாடகையை விதிக்கலாம் என்றாயிற்று. 2006ஆம் ஆண்டுச் சட்டமும் இதனை மாற்றவில்லை. போதாக்குறைக்கு, 2018 நவம்பர் 15இன் பின்னர் முதன்முதலாகக் குடிபுகப்பட்ட வீடுகளுக்கு வருடாந்த உயர்வுக்கான உச்சவரம்பும் இல்லை என்று டக் ஃபோர்ட் அரசு ஆக்கியது.

இதன் விளைவு எளிமையானது. இருப்பவருக்கு 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் 2.5 வீதத்துக்கு மேல் வாடகையைப் பொதுவாகக் கூட்ட முடியாதிருந்தது. அவர் எழும்பினால் எவ்வளவும் கூட்டலாம். அதாவது பழைய வாடகையாளரை எழுப்புவதற்குச் சட்டமே பரிசு வைத்திருக்கிறது. எனது கட்டடத்தில் மின்தூக்கி மாதக்கணக்கில் பழுதாகக் கிடப்பதையும், பதினைந்து வருடமாக இருக்கும் முதியவர்களின் சமையலறைக் குழாய்கள் திருத்தப்படாமல் விடப்படுவதையும் நான் இந்தக் கணக்கோடு சேர்த்தே வாசிக்கிறேன்.

எண்களைப் பார்ப்போம். 2023 ஒக்ரோபரில் ஒன்ராறியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.55 டொலராக உயர்ந்தது. வாரம் 40 மணி நேரம் வேலை செய்பவருக்கு, வரிக்கு முன் மாதம் சுமார் 2,870 டொலர். அந்த ஆண்டில் ரொறன்ரோவில் ஓரறை வீட்டுக்குக் கேட்கப்பட்ட சராசரி வாடகை 2,500 டொலர் அளவில் இருந்தது. வருமானத்தில் 30 வீதத்துக்கு மேல் குடியிருப்புக்குப் போகக்கூடாது என்பது இந்நாட்டின் அளவுகோல். வெல்ஃபெயரில் இருக்கும் தனிநபரின் நிலை இன்னும் மோசம்: 2018இலிருந்து 2024 வரை மாற்றமின்றி மாதம் 733 டொலர், அதில் வாடகைக்கென ஒதுக்கப்பட்டது 390.

அப்படியானால் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் தனியாள், கணவனைப் பிரிந்து பிள்ளையோடு வெளியேறிய பெண், பிள்ளைகளோடு ஒத்துவராத முதியவர், அண்மையில் வந்த மாணவர் எங்கே போகிறார்கள்? தமிழ்க் கடையின் அறிவிப்புப் பலகைக்குத்தான். 'சைவ உணவுக்காரர் விரும்பத்தக்கது', 'பெண்கள் மட்டும்', 'சிறு குடும்பம்' என்று எழுதப்பட்டிருக்கும். தொலைபேசியில் பேசினால் முதற் கேள்வி 'ஊரில எவடம்?' இக்கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது எமக்கெல்லாம் தெரியும்.

ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு சாதிப் பாகுபாடும் மனித உரிமைச் சட்டத்துக்குள் அடங்கும் என்று 2023 ஒக்ரோபரில் தெளிவுபடுத்தியது. வரவேற்கவேண்டியதே. ஆனால் வீட்டுக்காரரோடோ அவரது குடும்பத்தோடோ குளியலறையையோ சமையலறையையோ பகிர்ந்துகொள்ளும் அறைகளுக்கு, வீட்டு வாடகை தொடர்பில் அச்சட்டத்தின் பாதுகாப்புச் செல்லாது. வாடகையாளர் சட்டமும் அங்கே செல்லாது. மிக வறியவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இத்தகைய அறைகள்தாம். பலர் தனித்தனியாக அறை எடுத்து இருக்கும் வீடுகளும் ஸ்காபரோவில் 2024 மார்ச் 31 வரை சட்டவிரோதமாகவே இருந்தன. முறையிட்டால் நகரசபை வீட்டையே மூடிவிடும் என்ற பயத்தில் குளிரையும் கரப்பான்பூச்சியையும் சகித்தவர்கள் அநேகர். ஆக, சட்டத்தின் பாதுகாப்பு முடிகிற இடத்தில் எமது சமூகத்தின் அதிகாரம் ஆரம்பிக்கிறது. 'எங்கட ஆள்தானே' என்ற உறவுச் சொல் அங்கே இரசீது இல்லாத வாடகையையும், கேட்காமல் கதவைத் திறப்பதையும், இரவு பத்து மணிக்குமேல் சமைக்கக்கூடாது என்ற கட்டளையையும் மூடிமறைக்கிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்பை நான் அறிவேன். வீட்டுக்காரரும் தொழிலாளிதான், 2022 தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த கனடா வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5 வீதமானபோது, மோர்ட்கேஜ் கட்டமுடியாமல் திணறியவர்களும் அவர்களே. உண்மை. பேஸ்மென்ற் வாடகையை நம்பி வீடு வாங்கிய டாக்ஸி ஓட்டுநரையும், நூற்றுக்கணக்கான வீடுகளை வைத்திருக்கும் முதலீட்டு நிறுவனத்தையும் ஒரே தராசில் வைப்பது அரசியல் அறியாமை. ஆனால் வங்கிக்கும் வீட்டுக்காரருக்குமிடையிலான ஆபத்து கடைசியில் யாருடைய தலையில் இறங்குகிறது என்பதே கேள்வி. வட்டி கூடினால் வாடகை கூடுகிறது. வட்டி குறைந்தால் வாடகை குறைகிறதா? மேலே இருப்பவரின் கடனைக் கட்டிமுடிப்பவர் கீழே இருப்பவர். முடிவில் வீடு யாருடையது?

ஏனைய சமூகங்களைப் பார்ப்போம். 2017இல் பார்க்டேல் பகுதியில் சுமார் முந்நூறு குடியிருப்பாளர்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடி, உயர்வைக் குறைக்கச் செய்தார்கள். 2023இல் தோர்ண்கிளிஃப் பார்க்கில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அதே வழியில் இறங்கினார்கள். புதிதாக வந்தவர்களும் ஆங்கிலம் சரளமாகப் பேசாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். கோயில், ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று எத்தனையோ கட்டிய நாம், வாடகையாளர் சங்கம் என்பதை எமது பொதுவாழ்வின் பகுதியாக்கவில்லை. வாடகைக்கு இருப்பவர் நாளை வீட்டுக்காரராவார் என்ற நம்பிக்கையே அவரை இன்று அமைப்பாகவிடாமல் தடுக்கிறது.

எங்கிருந்து தொடங்கலாம்? சட்டத்தில் ஏற்கெனவே உள்ளவற்றைத் தமிழில் திரும்பத் திரும்பச் சொல்வதிலிருந்து. தனிச் சமையலறையும் குளியலறையும் உள்ள பேஸ்மென்ற் நகரசபையில் பதியப்படாததாக இருந்தாலும், ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும், அங்கு குடியிருப்பவருக்கு வாடகையாளர் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. கடைசி மாத வாடகைக்கு மேல் முற்பணமாகக் கேட்கமுடியாது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான், அதுவும் 90 நாள் எழுத்துமூல அறிவித்தலோடுதான் கூட்டலாம். 'மகன் வரப்போறான், எழும்புங்கோ' என்று வாயால் சொன்னால் போதாது. குறைந்தது 60 நாள் அறிவித்தல் வேண்டும். அதன் பின்னரும் வாடகையாளர் விரும்பாவிட்டால், உரிய சபையின் கட்டளையின்றி அவரை வெளியேற்ற முடியாது. இந்த வாக்கியங்களை எத்தனை தமிழ்ப் பத்திரிகைகள் முதற்பக்கத்தில் போட்டிருக்கின்றன?

பத்திரிகைகளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. இச்சஞ்சிகையின் வாசகர்கள் அகதி, எல்லை, அடையாளம் என்று ஆழமாகப் பேசுபவர்கள். அவர்களில் பலர் இன்று வீட்டுக்காரர்களுமாவர். ஒரு நாட்டில் இருக்கும் உரிமைக்காக ஆயிரம் பக்கம் எழுதிய நாம், ஓர் அறையில் இருக்கும் உரிமையைப் பற்றி எதுவும் சொல்லாமலிருப்பது எவ்வாறு? தமது பேஸ்மென்றில் இருப்பவருக்கு இரசீது கொடுப்பதா, அவரது சாதியைக் கேட்காமல் விடுவதா, வாடகைக் கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவரும் கோரிக்கைக்குக் கையெழுத்திடுவதா என்பதில் அவர்களது பதில் என்ன? மறுப்புகளையும் எதிர்பார்க்கிறேன், முக்கியமாக வீட்டுக்காரர்களிடமிருந்து.