கிளிக்கூண்டும் பொருள் பட்டியலும்

தேவதைக் கதையை வைத்துச் செய்யப்படும் பொருள் தேடும் கணினி விளையாட்டு, ஆடுபவருக்கு மூன்று வேலைகளை மாற்றி மாற்றித் தருகிறது. சாமான்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் காட்சியில் பட்டியலில் உள்ளவற்றைக் கண்டு தொடுவது முதல் வேலை. அங்கே கிடைத்த ஒன்றைக் கொண்டுபோய் வேறிடத்துக் கதவையோ பெட்டியையோ திறப்பது இரண்டாவது. இடையில் வரும் புதிர்களை அவிழ்ப்பது மூன்றாவது. 2005-இல் வெளிவந்த 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' இவ்வகைத் தேடலைப் பரவலாக்கியது. 2010-இல் தொடங்கிய 'டார்க் பேரபிள்ஸ்' தொடர், முட்செடி மூடிய கோட்டையில் உறங்கும் இளவரசியின் கதையை முதலில் எடுத்துக்கொண்டது. தவளை இளவரசனும் பனி அரசியும் பின்னால் வந்தார்கள்.

இந்த விளையாட்டுகளுக்காகப் பேசுவோர் மூன்று நன்மைகளைச் சொல்கிறார்கள்: அடிதடி இல்லை, கவனம் கூர்மையாகிறது, பழங்கதைகள் புதிய தலைமுறையைச் சென்றடைகின்றன. முதலாவது பெருமளவு உண்மை. இரண்டாவதையும் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். நிழலோடு நிழலாக, நிறத்தோடு நிறமாகக் கலந்திருக்கும் ஒன்றைப் பிரித்தறிவதற்குப் பொறுமை வேண்டும். ஓவியங்கள் உழைத்துத் தீட்டப்பட்டவை. விரல் வேகம் தேவைப்படாததால் முதியவர்களும் ஆடலாம். மூன்றாவதுதான் தவறு. இவ்விளையாட்டில் கதை சென்றடைவதில்லை. கதையின் உடுப்பு மட்டுமே சென்றடைகிறது.

கதையில் வரும் பொருளுக்குக் காரணம் உண்டு. சிண்ட்ரெல்லாவின் செருப்பு ஒரே காலுக்குத்தான் பொருந்தும். அதனால்தான் அது கதையை முடித்துவைக்கிறது. பட்டியலில் செருப்பு வரும்போது குடை, கத்தரிக்கோல், சதுரங்கக் குதிரை, எலும்புத்துண்டு ஆகியவற்றோடு அதுவும் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு. தொட்டதும் மறையும், பட்டியலில் பெயர் அடிக்கப்படும். பத்துப் பன்னிரண்டு பொருள்களைத் தேடிப்பிடித்தபின் கையில் தங்குவது ஒன்றே ஒன்று. மற்றவை ஏன் அங்கே கிடந்தன என்பதற்கு விடை கிடையாது. அரசியின் அந்தப்புரத்தில் துருப்பிடித்த சுத்தியல் எப்படி வந்தது என்று கேட்கும் குழந்தைதான் கதையைச் சரியாகப் படிக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்காமலிருக்கவே விளையாட்டு பழக்குகிறது.

இதற்கு மாறாக, படத்தில் ஒரு பொருளைக் காரணத்தோடு எப்படி நிறுத்துவது என்பதைச் சிவகாசி நன்கு அறியும். 1920-களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியபின், லேபிளுக்காகவே அங்கே வண்ண அச்சு வளர்ந்தது. தீப்பெட்டியிலும் பட்டாசுப் பெட்டியிலும் நடுவில் ஒரே உருவம்: சேவல், அணில், மயில், ரோஜா. எழுத்தறியாதவரும் மார்க்கைச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். அந்தச் சிறு சதுரத்தில் வீணான கோடு இல்லை. படக்கதைக்கும் சிவகாசியே சான்று. அங்கிருந்து 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 'இரும்புக்கை மாயாவி'யைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைகிறது. இரும்புக்கை மட்டும் தெரிகிறது. அவன் பலமும் அதில்தான், அகப்பட்டுக்கொள்ளும் அபாயமும் அதில்தான். வாசகரின் கண் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கையைத் தேடுகிறது. தேடுவதற்குக் கதையே காரணம் தருகிறது.

வாய்மொழிக் கதையில் பொருளுக்கும் கதைக்கும் உள்ள இந்தப் பிணைப்பு இன்னும் தெளிவு. தமிழகமெங்கும் சொல்லப்படும் அரக்கன் கதை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் அவன் உயிர் இருக்கிறது. மறைந்திருக்கும் பொருளைத் தேடும் கதைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. உயிர் இருக்குமிடத்தை, அவன் சிறைவைத்த இளவரசி நயமாகப் பேசி அரக்கனின் வாயிலிருந்தே வரவழைக்கிறாள். அவளை மீட்க வந்தவன் அங்கே போய்ச் சேருகிறான். கிளியின் சிறகைப் பிய்த்தால் அரக்கனின் கை விழுகிறது. கழுத்தைத் திருகினால் அவன் சாகிறான். தேடலில் தந்திரமும் துணிவும் உண்டு; கண்டடைவதில் விளைவு உண்டு. இதையே தேடல் விளையாட்டாக்கினால் குகை நிறைய சாமான் குவியும். கிளி பட்டியலின் ஐந்தாவது வரியாகும்.

'டார்க் பேரபிள்ஸ்' இக்குறையை உணர்ந்ததுபோல் பல காட்சிகளில் பட்டியலைக் கைவிட்டது. உடைந்த ஒரு பொருளின் துண்டுகளைத் தேடிச் சேர்த்தால் முழுப்பொருள் கையில் வரும். அது அடுத்த வழியைத் திறக்கும். நல்ல திருத்தம்தான். ஆனால் அந்தப் பொருளும் பெரும்பாலும் ஒரு பூட்டுக்குச் சாவியாகவே நின்றுவிடுகிறது. கதையோ ஏற்கெனவே நடந்து முடிந்தது. ஆடுபவர் துப்பறிவாளராகப் பிந்தி வருகிறார். நடந்ததைக் கடிதங்களிலும் குறிப்புகளிலும் படித்தறிகிறார். தேடும்போது கதை நிற்கிறது, கதை நகரும்போது தேடல் நிற்கிறது. திணறினால் துப்புப் பொத்தான் பொருளைக் காட்டிக்கொடுக்கும். புதிரைத் தாண்டிப்போகவும் பொத்தான் உண்டு. தாண்டியதால் கதையில் எதுவும் குறைவதில்லை. தாண்டினாலும் கதைக்குக் குறை வராத புதிர் கதையின் உறுப்பு ஆகாது.

அளவுகோல் எளியது. காட்சியிலிருந்து ஒரு பொருளை நீக்கினால் கதை மாறவேண்டும். பொருளைக் கண்டெடுத்தால் கதைமாந்தரில் ஒருவர் பிழைக்கவோ அழியவோ மனம் மாறவோ வேண்டும். பத்துப் பொருள்கள் போதும், ஒவ்வொன்றும் கதையிலிருந்து வந்ததாக இருந்தால். அப்படி அமையாதவரை இவ்விளையாட்டு கண்ணுக்கு நல்ல பயிற்சி, ஓய்வுக்கு நல்ல துணை. பழங்கதையைக் காக்கும் கலை என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.