முதலில் எது: தூய்மையா, ஒன்றிப்பா?

மனிதன் கடவுளோடு ஒன்றிக்கலாம் என்பதைக் கிறிஸ்தவத்தின் பெரிய மரபுகள் எதுவும் மறுத்ததில்லை. தகராறெல்லாம் வரிசையில்தான். தூய்மை அடைந்தவன் ஒன்றிக்கிறானா, ஒன்றித்தவன் தூய்மை அடைகிறானா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், வெறும் சொற்போராகத் தெரிகிற பழைய வழக்குகள் பலவற்றுக்கும் பொருள் கிடைக்கிறது.

கிழக்குத் திருச்சபைக்கு மீட்பு என்பதே இறைத்தன்மையில் பங்கு பெறுவது. நான்காம் நூற்றாண்டின் அத்தனாசியுஸிடமே அந்தப் பேச்சு உண்டு. அது வழக்காடு மன்றத்துக்கு வந்தது பதினான்காம் நூற்றாண்டில். கிரேக்கத்தின் ஆத்தோஸ் மலைத் துறவிகள் தலை கவிழ்ந்து, தாடை மார்பில் படிய, மூச்சோடு இயேசுவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். கடவுளின் ஒளியைக் கண்டதாகவும் சொன்னார்கள். தெற்கு இத்தாலியிலிருந்து வந்த பர்லாம் என்ற அறிஞர், தொப்புளில் ஆன்மாவைத் தேடுகிறவர்கள் என்று அவர்களைக் கேலி செய்தார். துறவிகளுக்காகப் பேசியவர் கிரகோரி பலமாஸ். கடவுளின் உள்ளியல்பை எவரும் எட்ட முடியாது, ஆனால் அவருடைய செயலாற்றல்களில் மெய்யாகவே பங்குபெறலாம், அவையும் கடவுளே என்றார் அவர். 1341இலும் 1351இலும் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கங்கள் அவர் பக்கம் நின்றன. ஒன்றிப்பை முழுதாக ஒப்புக்கொண்டு, மனிதன் கடவுளில் கரைந்துபோவதை மட்டும் தடுத்த தீர்ப்பு அது. இத்தனை நுட்பமான வேலி இந்த வரலாற்றில் வேறில்லை என்பது என் எண்ணம்.

கத்தோலிக்க மேற்கு இதையே ஏறுபடியாக்கியது: தூய்மையுறுதல், ஒளிபெறுதல், ஒன்றித்தல். 1577இல் அவிலா தெரேசா ஆன்மாவை ஏழு உறைவிடங்கள் கொண்ட கோட்டையாக வரைந்தார். முதல் உறைவிடங்களில் வெளியிலிருந்து பாம்பும் பூச்சியும் கூடவே நுழைந்துவிடும். ஏழாவதில் நிகழும் ஒன்றிப்பு, ஆற்றில் விழுந்த மழைநீரைப் போலப் பிரிக்க முடியாதது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தவருக்கும் ஓய்வு கிடையாது, பிறருக்குச் செய்யும் பணிதான் அதன் பயன் என்று முடிக்கிறார். இந்தக் கடைசிப் பகுதியை வாசகர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, முயற்சியே வேண்டாம், சும்மா இருப்பதே வழி என்று போதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மிகுவேல் மோலினோசை 1687இல் ரோம் கண்டித்தது.

சீர்திருத்தக்காரர்கள் ஏணியையே எடுத்துவிட்டார்கள். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்றார் லூத்தர். கிறிஸ்துவோடு இணைவதுதான் தொடக்கம், நீதிமானாக்கப்படுதலும் பரிசுத்தமாகுதலும் அந்த இணைப்பிலிருந்து சேர்ந்தே வருகின்றன என்றார் கால்வின். ஜான் வெஸ்லிக்கு இது போதவில்லை. அன்பு இதயத்தை முழுதும் நிறைக்கும் நிலையை இந்த வாழ்விலேயே எதிர்பார்க்கலாம் என்று 1766இல் விளக்கி எழுதினார். அந்த நிலையிலும் அறியாமையும் தவறும் நீங்கா என்று சேர்த்துக்கொண்டார். தான் அதை எட்டிவிட்டதாக உரிமை கோரவும் இல்லை. எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. அவருடைய மெதடிஸ்ட் சங்கத்திலிருந்து, அந்த நிலையை எட்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்ட ஜார்ஜ் பெல், 1763 பிப்ரவரி 28 அன்று உலகம் முடியும் என்று லண்டனைக் கலக்கியிருந்தார். வெஸ்லி மரபின் வழியே பரிசுத்த இயக்கமும், பிறகு பெந்தெகொஸ்தேயும் வந்தன.

தமிழ் மண்ணில் கேள்வி வேறு வேகம் பிடித்தது; இங்கே வேதாந்தம் ஏற்கெனவே பதிலோடு உட்கார்ந்திருந்தது. பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் நூல் வெளியிட்டார். யோவான் நற்செய்தியில் இயேசு தாமும் பிதாவும் ஒன்று என்பது அன்பாலும் சித்தத்தாலும் ஆன ஒற்றுமை, இரண்டறக் கலத்தல் அல்ல என்றார். அவருக்குத் துணை நின்றவர் இரண்டற்ற ஒருமையை (அத்வைதம்) சொன்ன சங்கரர் அல்லர், இறைவனோடு ஒன்றினாலும் உயிரின் வேறுபாடு அழியாது என்ற இராமானுஜர். பலமாஸ் போட்ட வேலியை அப்பாசாமி, இராமானுஜரின் ஸ்ரீரங்கத்துப் பக்கமிருந்து போட்டார் என்று சொல்லலாம்.

குளித்தலை அருகே 1950இல் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கிய இரண்டு பிரெஞ்சுக் குருக்களோ இதே இடத்தில் பிரிந்தார்கள். திருவண்ணாமலையில் ரமணரைக் கண்டிருந்த ஆன்றி லெ சோ, அத்வைத அனுபவத்துக்குள் போகப் போகத் தன் இறையியல் சொற்கள் போதாமல் தவித்தார். ஜூல்ஸ் மொன்ஷானென், திரித்துவத்தில் உறவு அழிவதில்லை, அத்வைதத்தில் அதற்கு இடமேது என்று வரவரச் சந்தேகப்பட்டார். 1957இல் அவர் இறந்தார். 1968இல் லெ சோ ஆசிரமத்தை ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸிடம் விட்டுவிட்டு உத்தரகாசிக்குப் போய்விட்டார்.