ஔவையார் – அதியமான் நட்பு

தமிழிலக்கியத்தில் நட்பிற்குச் சான்று கூறப் புகுவார் பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் முதற்கண் கூறுவர். அடுத்துக் கபிலரையும் பாரியையும் கூறுவர். சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியை அடுத்துள்ள குமணன்சாவடி என்னும் ஊர்ப்பெயரைக் கேட்ட அளவிலே, தன் தலையைக் கொண்டு பொருள் பெறுமாறு பெருந்தலைச் சாத்தனார் கையில் வாளைக் கொடுத்த குமணன் தமிழ் கற்றார் நெஞ்சில் தோன்றுவான். அப்பெயரின் பிறப்பை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. இச்சான்றுகள் யாவும் ஆடவர் இருவரிடை நிகழ்ந்தன என்பதே நாம் கருதத்தக்கது. ஆணும் பெண்ணுமாகிய இருவர் கொண்ட நட்பிற்குப் புறநானூற்றில் விரிவான சான்று இருக்கவும், அது பெரும்பாலும் நெல்லிக்கனி ஒன்றனுள் அடக்கப்பட்டுக் கொடைக்கு மட்டுமே காட்டாயிற்று.

ஔவையார் பெயரால் சங்கத் தொகைகளில் 59 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 33 புறநானூற்றின்பாற்பட்டன. அவற்றில் மிகப் பல தகடூர்த் தலைவன் அதியமான் நெடுமானஞ்சியைப் பற்றியன. இப்பாடல்களை ஒருசேர வைத்து நோக்குவார்க்கு, பரிசில் பெற்ற புலவரின் புகழ்மொழி மட்டுமன்றி, நெடுநாட் பழகிய இருவரின் வாழ்க்கையே புலனாகும்.

முதலாவது, நம்பிக்கை. அதியமான் தொண்டைமானிடம் தூதாக விடுத்தது ஔவையாரை. குமணன்சாவடி அமைந்த இத்தொண்டை நாட்டு வேந்தன், தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ஆங்கு அவை மாலை சூடி நெய் பூசிக் காவலில் உள்ளன என்றும், தம் தலைவன் வேல்களோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றும் அவர் கூறினார் (புறம். 95). போரும் அமைதியும் தொங்கி நின்ற செவ்வியில் ஒரு தலைவன் தன் நாட்டின் நிலையை ஒரு பெண்ணின் நாவில் வைத்தான் எனின், அவன் அவரை இரவலராக மட்டும் கருதினான் அல்லன் என்பது தெளிவு.

இரண்டாவது, ஊடலும் தெளிவும். பரிசில் நீட்டித்தபோது ஔவையார் வாயில்காவலனை விளித்து, அஞ்சி தன் தரம் அறியானோ, என் தரம் அறியானோ என்று வெகுண்டார், எத்திசைச் செல்லினும் எமக்குச் சோறு உண்டு எனப் புறப்பட எழுந்தார் (புறம். 206). ஆயின் வேறொரு பாட்டில், பன்னாள் பலரொடு சென்றாலும் முதல்நாள் போன்ற விருப்பினன் என்றும், அவன் தரும் பரிசில் யானைக் கோட்டிடை வைத்த கவளம் போலத் தப்பாது என்றும் கூறித் தம் நெஞ்சைத் தாமே தேற்றுகிறார் (புறம். 101). திருவள்ளுவர் 81-ஆம் அதிகாரத்தில் பழைமை எனக் கூறும் உரிமை இதுவே. பழகுதல் வேண்டா, ஒத்த உணர்ச்சியே போதும் என்னும் குறட்குப் பரிமேலழகர் பிசிராந்தையாரைக் காட்டினார். பழகிப் பழகி வளர்ந்த நட்பிற்கு நாம் காட்ட வேண்டுவது ஔவையாரை.

மூன்றாவது, பிரிவு. அதியமான் இறந்தபின் பாடிய கையறுநிலைப் பாட்டில் (புறம். 235) ஔவையார் அவனது வெற்றியை விரித்துரைத்தார் அல்லர். சிறிது கள் கிடைப்பின் தமக்குத் தந்ததையும், பெரிது கிடைப்பின் தாம் பாட உடனிருந்து உண்டதையும், நறுமணம் கமழும் தன் கையால் புலால் நாறும் தம் தலையை அவன் தடவியதையும் நினைந்து அழுதார். அன்றாடச் சிறு செயல்களே அவர் நினைவில் எஞ்சின. இழந்தது புரவலனை மட்டுமாயின் இழந்த பொருளை எண்ணியிருப்பார்.

ஈண்டு இரு தடைகள் எழலாம். அவன் ஈவோன், இவர் ஏற்போர். ஒப்பில்லாதவரிடை நட்பு யாங்ஙனம் என்பது ஒன்று. பாரிக்கும் கபிலர்க்கும் இடையேயும் அவ்வேறுபாடு உண்டு. அதனை நட்பு என்னத் தயங்கினார் எவரும் இலர். ஆடவர்க்குத் தடையாகாதது பெண்டிர்க்கு மட்டும் தடையாதல் பொருந்தாது.

தலை தடவிய செய்கையைக் கொண்டு இதனைக் காதல் எனக் கொள்ளல் ஆகாதோ என்பது மற்றொன்று. ஔவையார் அகம் பாடவும் வல்லவர். குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றிலும் அவர் பாடல்கள் உள்ளன. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய நெறி. காதலைப் பெயரின்றிப் பாட அறிந்த புலவர், அஞ்சியைப் பெயர் சுட்டிப் புறத்தில் பாடினார். மேலும், போரவைக் கோப்பெருநற்கிள்ளி மீது கொண்ட காதலை நக்கண்ணையார் பாடிய 83 முதல் 85 வரையிலான புறப்பாடல்கட்குத் தொகுத்தோர் கைக்கிளை எனத் திணை வகுத்தனர். ஔவையாரின் கையறுநிலைக்கோ பொதுவியல் என்றனர். பெண்பாற் புலவர் ஒருவர் தலைவனைப் பாடினும் காதல் வேறு, கேண்மை வேறு எனப் பழையோர் பகுத்தறிந்தனர் என்க.

பிற்காலத்தாரோ இப்பகுப்பை மறந்தனர். வெவ்வேறு காலத்து ஔவையார் பலரும் ஒருவராக்கப்பட்டனர். திருமணத்தினின்று நீங்கப் பிள்ளையாரை வேண்டி இளமையிலேயே முதுமை பெற்றார் என்னும் கதையும் வழங்கிற்று. 1953-இல் வெளிவந்த 'ஔவையார்' திரைப்படமும், 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலையும் கோலூன்றிய மூதாட்டியையே காட்டின. சங்கப் பாடல்களிலோ அம்முதுமைக்குச் சான்றில்லை. தம் சொல்லை மழலைக்கும் அஞ்சியின் அருளைத் தந்தையின் அன்பிற்கும் ஒப்பிடுகிறார் அவர் (புறம். 92). உவமை கொண்டு அகவையைத் துணிதல் இயலாதெனினும், முதுமைக்கு அது துணைசெய்யாது. தனியே நாடு சுற்றி, மன்னனோடு உடனிருந்து உண்டு, உரிமையோடு சினந்த பெண்ணொருத்தியை ஏற்க, பிற்காலச் சமுதாயத்திற்கு நரையும் கோலும் தேவைப்பட்டன போலும்.

ஆதலின், சங்க இலக்கியத்தில் நட்பை ஆராயும் மாணவர், பிசிராந்தையாரின் உயிர்த்தியாகத்தோடும் குமணனின் தலைக்கொடையோடும் அமையாது, ஔவையாரின் பாடல்களையும் அவ்வரிசையில் வைத்து நோக்குதல் வேண்டும். நெல்லிக்கனி அந்நட்பின் ஒரு நிகழ்ச்சி. நட்போ அதனினும் பெரிது.