‘தும்பாட்’: கருவறையும் பசியும்

கருவறை என்னும் தமிழ்ச்சொல் தாயின் வயிற்றகத்தையும் கோயிலின் உள்ளறையையும் ஒருங்கே சுட்டுவது. ராஹி அனில் பர்வே நெறிப்படுத்தி 2018 ஒக்டோபர் 12இல் வெளிவந்த ‘தும்பாட்’ என்னும் இந்தித் திரைப்படம் தமிழை அறியாதது; எனினும் இச்சொல்லின் இரு பொருளையும் பிரிக்கவொண்ணாதபடி காட்சியில் இணைத்த படம் அதுபோல வேறொன்றில்லை எனலாம். புதையல் இருக்குமிடம் செங்குருதி நிறச் சுவர்கள் கொண்ட ஒரு கருப்பை. அதனுள் இறங்குபவன் கோயிலுள் நுழைகின்றானா, தாயின் வயிற்றைத் திருடப் புகுகின்றானா என்ற வினாவே படத்தின் அச்சத்துக்கு ஊற்று. பேயுருவத்தைக் கண்டு பிறக்கும் திடுக்கீடு இதற்கு அடுத்தபடியானதே.

கதைக்கு அடிப்படையான தொன்மம் சுருக்கமானது. வளத்தின் தேவி உலகைத் தன் கருப்பையாகக் கொண்டவள். எல்லாத் தெய்வங்களையும் ஈன்றவள். அவளுடைய மூத்த மகன் ஹஸ்தர் தாயின் பொன் முழுவதையும் கவர்ந்து, தானியத்தையும் கவர முற்பட்டபோது ஏனைய தெய்வங்கள் அவனைத் தாக்கினர். தாய் அவனைக் காத்துத் தன் கருப்பையில் ஒளித்தாள். அவனை எவரும் வழிபடலாகாது, அவன் மறக்கப்படவேண்டும் என்பது நிபந்தனை. தும்பாட்டின் ஒரு குடும்பம் அந்நிபந்தனையை மீறிக் கோயில் எடுத்தது; அதற்குத் தண்டனையாக ஓயாத மழை பெய்கின்றது.

இத்தொன்மத்தைப் பழம் புராணமென்று நம்பிய பார்வையாளர் பலர். புராணங்களில் ஹஸ்தர் இல்லை. 1891இல் அமெரிக்க எழுத்தாளர் அம்புரோஸ் பியர்ஸ் எழுதிய கதையொன்றில் ‘ஹஸ்டர்’ இடையருக்கு இரங்கும் தெய்வம். பின்னர் ரொபர்ட் சேம்பர்ஸ், லவ்கிராப்ட் ஆகியோரின் எழுத்துகளில் அப்பெயர் இருண்டு, ஸ்டீபன் கிங்கின் பாட்டி பற்றிய சிறுகதையிலும் ஒலித்தது. மராத்தியத் திகிற்கதை எழுத்தாளர் நாராயண் தாரப் அக்கதையைத் தழுவி எழுதினார். தாரப்பின் கதையொன்றை 1993இல் நண்பரொருவர் சொல்லக் கேட்டவரே பர்வே. இவ்வாறு கடல் கடந்து வந்த ஒரு பெயர் கொங்கணத்துக் குலதெய்வம் போலத் தோன்றுவதற்குக் காரணம் பெயரன்று. அதைச் சூழ்ந்துள்ள சடங்குகளே.

மாவை எடுத்துக்கொள்வோம். பொன்னைக் கவர்ந்தவனுக்குத் தானியம் கிட்டவில்லை. ஆகவே ஹஸ்தர் என்றும் பசித்தவன். விநாயக் மாவினால் வட்டமிட்டு அதனுள் நின்று, மாவுப் பாவையை எறிந்து, அவன் அதை விழுங்கும் கணத்தில் அவனது கச்சையிலிருந்து காசைப் பறிக்கின்றான். அரிசிமாக் கோலமிடும் வாசலை அறிந்தவர்க்கு அவ்வட்டம் அந்நியமானதன்று. உயிர்ப்பலிக்கு ஈடாக மாவினாற் செய்த விலங்கைப் படைப்பது வைதிக மரபிலும் உண்டு; நீற்றுப்பூசணியை வெட்டிக் குங்குமம் தடவுவதிலும் அதே ஈடு செய்யும் மனமே தொழிற்படுகின்றது. ஆனால் கோலத்து மா எறும்புக்கும் உணவாகும் என்பர். விநாயக்கின் மா எவரையும் உண்பிப்பதற்கன்று. படையல் தூண்டிலாகிவிட்டது. வழிபாட்டின் வடிவம் முழுதும் எஞ்சியிருக்க, ஈதல் மட்டும் அகன்றுவிட்ட நிலையைப் படம் இவ்வொரு செயலிலேயே புலப்படுத்துகின்றது. நெறியாளரின் மிகச்சிறந்த கண்டுபிடிப்பு இதுவே.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வளர்ந்த ஒருவர் இப்படத்தைக் காணும்போது இன்னொரு நினைவும் குறுக்கிடாமற் போகாது. 1624இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்தான். அதன் கற்கள் இன்று பிரெட்றிக் கோட்டை எனப்படும் அரணுக்குப் பயன்பட்டன. மண்ணில் மறைந்துபோன செப்புத் திருமேனிகள் சில 1950இல் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் சுவாமிமலையின் அடியிற் சுழியோடிக் கோயிற் சிதைவுகளைக் கண்டனர். தும்பாட்டிலும் புதையலுக்கு வழி ஒரு கிணறுதான். ஆனால் அங்கே மறக்கப்படவேண்டிய தெய்வத்தை மனிதன் பொன்னுக்காகத் தோண்டுகின்றான். இங்கே மறக்கப்படலாகாத தெய்வம் பிறரது பேராசையினின்று மண்ணுள் மறைந்து, நீருக்காகத் தோண்டியவர் கையில் வந்து சேர்ந்தது. மீண்ட திருமேனிகள் வழிபாட்டுக்கே திரும்பின; புதிய கோயில் 1963இற் குடமுழுக்குக் கண்டது. இம்முரணை உணர்ந்தவருக்குப் படத்தின் அறம் சற்றே குறுகித் தோன்றும். புதைந்ததெல்லாம் தீது, தோண்டுவதெல்லாம் பேராசை என்ற அதன் சமன்பாடு எல்லா நிலத்துக்கும் பொருந்துவதன்று.

வில்சன் அக்கடலனுபவத்திலிருந்து 1962இல் ‘ரன்முத்து தூவ’ என்ற படத்தை நெறிப்படுத்தினார். முழுநீளச் சிங்களப் படங்களுள் முதலாவது வண்ணப்படம் அது. திருகோணமலைக் கடலடியும் மூழ்கிய புதையலும் அதன் கவர்ச்சிகள். அங்கே புதையல் இளைஞரின் வீரச்செயலுக்குரிய பரிசு, அச்சத்துக்கு இடமில்லை. வியப்பென்னவெனில், வில்சன் பிற்காலத்திற் சினிமாவைத் துறந்து சுவாமி சிவ கல்கி என்ற பெயருடன் துறவியானார். அவரது படம் கேட்காத வினாவை அவர் வாழ்க்கை கேட்டது போலும்.

‘தும்பாட்’ உருவான வரலாறும் கவனத்துக்குரியது. பர்வே முதற் பிரதியை எழுதியது 1997இல், பதினெட்டு வயதில். 2009–2010இல் ஏறத்தாழ 700 பக்கங்களில் காட்சிகளை வரைந்து வைத்தார். முதலிட முன்வந்தோர் பலர் பின்வாங்கினர். 2012இல் எடுக்கப்பட்ட படம் நிறைவு தராமையால் மாற்றி எழுதப்பட்டு, மீண்டும் எடுக்கப்பட்டு, 2015இற் படப்பிடிப்பு முடிவுற்றது. நாயகனாக நடித்த சோஹம் ஷா தயாரிப்பாளருள் ஒருவர். ஆனந்த் காந்தி ஆக்க நெறியாளர். மழைக்காலங்களுக்காகக் காத்திருந்து எடுத்ததன் பயனைப் பங்கஜ் குமாரின் ஒளிப்பதிவிற் காணலாம். தமிழ் மரபில் மழை அருள். இங்கே மழை சாபம். சேறும் பாசியும் சாம்பல் வானும் ஒரு சொல்லும் இன்றி இதனை நம்பவைக்கின்றன. 2018இல் வெனிஸ் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தை இப்படம் தொடக்கி வைத்தது. திரையரங்கிற் பெரிதும் பேசப்படாது போய், 2024 செப்ரெம்பரில் மறுவெளியீடு கண்டபோது முன்னிலும் மிகுந்த கூட்டத்தை ஈர்த்தது.

எனினும் படத்தின் சமூகப் பார்வையில் ஒரு பெரும் வெற்றிடம் உண்டு. தலைப்பு ஸ்ரீ. நா. பேண்ட்சேயின் ‘தும்பாட்சே கோத்’ என்ற மராத்தி நாவலிலிருந்து வந்தது. கோத் என்போர் கொங்கணத்தில் நிலவரி தண்டி உழவரை ஆண்ட இடைத்தரகர். அம்முறையை ஒழிக்கும் சட்டமூலத்தை அம்பேத்கர் பம்பாய்ச் சட்டசபையில் முன்வைத்தது 1937இல். முறை சட்டப்படி நீக்கப்பட்டது 1949இல். படத்தின் மூன்று பகுதிகள் 1918, 1933, 1947 என்னும் ஆண்டுகளில் நிகழ்கின்றன. அதாவது, கொங்கணத்து உழவர் தம் பசிக்காகப் போராடிய காலமே கதையின் காலம். பசியைத் தெய்வமாக்கிய படத்திற் பசித்த உழவன் ஒருவன்கூட இல்லை. பொன் தெய்வத்தின் கச்சையிலிருந்து உதிர்வதால், அது எவர் உழைப்பிலிருந்து வந்தது என்ற வினா எழாமலே போகின்றது. பேராசையைக் குருதிவழி நோயாகக் காட்டுவது அச்சத்துக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது. 1947இன் விடுதலை, மாளிகை அரசின் கைக்குப் போகுமுன் அவசரமாகத் திருடவேண்டும் என்ற நெருக்கடியாக மட்டுமே சுருங்கிவிட்டது.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்பவள் சங்கிலியிற் பிணிக்கப்பட்ட பாட்டி. ஹஸ்தரின் தீண்டலால் இறவாமை பெற்று, இறக்கவும் இயலாது கிடப்பவள். உணவூட்டினால் உறங்குவாள், ஹஸ்தரின் பெயரைச் சொன்னாலும் அடங்குவாள். 1933இல் விநாயக் திரும்பி வருகையில் அவள் உடலிலிருந்து மரம் வளர்ந்திருக்கின்றது. இதயம் மட்டும் துடிக்கின்றது. தன்னை எரித்து விடுவிப்பதாக வாக்களித்தால் வழி சொல்வதாகக் கூறுகின்றாள். படம் முழுவதிலும் பொன்னைக் கேளாமல் முடிவை மட்டும் கேட்கும் உயிர் அவள் ஒருத்தியே. அவ்வேடத்தைக் கனத்த ஒப்பனையின்கீழ் ஏற்றவன் முகம்மது சமத் என்னும் சிறுவன். விநாயக்கின் மகன் பாண்டுரங்காகவும் அவனே நடித்தான். இறுதியில் உருக்குலைந்த தந்தை நீட்டும் பொற்கச்சையை வாங்க மறுத்து, அவனுக்குத் தீமூட்டுபவனும் அப்பாண்டுரங்கே.