ஃபேமிலி ஸ்டைல்

கோவையில் ஓர் ஆண் "ஃபேமிலியோட வந்திருக்கேன்" என்றால் மனைவியோடு வந்திருக்கிறார் என்று பொருள். தனியாக வந்தால், அவர் எத்தனை பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்தாலும் ஃபேமிலி ஆவதில்லை. ஹோட்டல்களின் 'ஃபேமிலி ரூம்' பலகையும் இந்த அகராதிப்படி எழுதப்பட்டதுதான். சம்சாரம் என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே.

அதனால்தான் ஊட்டியில் ஓர் இத்தாலிய உணவகத்தின் மெனுவில் 'ஃபேமிலி ஸ்டைல்' என்று பார்த்ததும் அந்தச் சொல் என்னை நிறுத்தியது. ஆளுக்கொரு தட்டு கிடையாது. மேசை நடுவே பெரிய தட்டு ஒன்று வரும், எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இத்தாலியில் உணவகத்துக்குப் போனால் பாஸ்தா பெரும்பாலும் அவரவர் தட்டில், தனிச் சுற்றாக வரும். இந்தப் பெரிய தட்டு, அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களின் ஞாயிற்றுக்கிழமை விருந்திலிருந்து வந்தது. 1990இல் நியூயார்க்கில் தொடங்கிய கார்மைன்ஸ் போன்ற உணவகங்கள் அந்த வீட்டு விருந்தையே வியாபாரமாக்கின. வீட்டு மேசையைக் கடைக்குக் கொண்டுவந்தபோது, வீட்டில் பரிமாறியவளின் வேலையும் கூடவே வந்தது.

எந்த மேசையை வேண்டுமானாலும் கவனியுங்கள். தட்டு வந்து இறங்கியதும் கரண்டி அம்மாவின் கைக்குப் போகிறது. சின்னவனுக்குக் காரமில்லாத பக்கமாகப் பார்த்து எடுக்க வேண்டும், பெரியவளுக்குக் காளானை ஒதுக்க வேண்டும், நூலாக இழுக்கும் சீஸை அறுக்க வேண்டும். "அம்மிணி, பாப்பாவுக்கு இன்னுங் கொஞ்சம் வெய்யி" என்ற குரல் கைபேசிக்குப் பின்னாலிருந்து வரும். எல்லோருக்கும் கை எட்ட வேண்டுமென்று அவள் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், பெரும்பாலும் ஜன்னலுக்கு முதுகு காட்டி.

அந்தக் காலத்துச் சுற்றுலா மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். ஆடிப்பெருக்குக்குப் பவானி ஆற்றங்கரைக்குப் போக, விடியும் முன்னே எழுந்து புளிசாதமும் தயிர்சாதமும் கட்டியது பெண்கள்தான். அதற்காக நான் ஏங்கவில்லை. ஆனால் கட்டுச்சோறு காத்திருப்பதற்கென்றே செய்த சோறு. ஆறினாலும் கெடாது, ஊற ஊறப் புளிசாதத்துக்கு ருசி கூடும். கடைசியில் உண்டவளுக்கும் அதே ருசிதான். ஒயிட் சாஸ் பாஸ்தா அப்படியல்ல. மலைக்குளிரில் பத்து நிமிடத்தில் பசையாக இறுகிவிடும். அந்தப் பசைதான் அவளுடைய பங்கு.

நம் ஊர்ச் சாப்பாட்டு ஹோட்டலுக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. அன்னபூர்ணாவில் உட்கார்ந்தால் சாம்பார் வாளியோடு வருபவர் அம்மாவின் தட்டுக்கும் ஊற்றுவார். பல பெண்களுக்கு, இன்னொருவர் கையால் சூடாகச் சாப்பிடக் கிடைத்த முதல் இடம் ஹோட்டல்தான். 'பகிர்தல்' என்ற அழகான பெயரில் ஃபேமிலி ஸ்டைல் அதையும் பிடுங்கிக்கொள்கிறது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையை இந்த மேசையோடு வைத்துப் படிக்கலாம். 1988இல் அதே தலைப்பில் வந்த தொகுப்பில் இருக்கிறது. ராஜஸ்தானத்துப் பெரிய வீட்டுக்கு மருமகளாகப் போன மீனாட்சி, சமையலறையைச் சீர்படுத்த யோசனை சொல்கிறாள். அதற்குக் கிடைக்கும் பதில், வராந்தாவில் கட்டப்படும் நைலான் கொடிகள். அவற்றில் காயும் துணிகள் மலையை மறைத்துவிடுகின்றன. விவாதமே இல்லை. மலையைப் பார்க்க வேண்டும் என்பது அந்த வீட்டில் ஒரு தேவையாகவே பதிவாகவில்லை. பணம் கட்டி மலை பார்க்கப் போன இடத்திலும் நிலைமை அதுதான், கொடிக்குப் பதில் பாஸ்தா தட்டு.

அந்தக் கதையை வகுப்பில் நடத்தும்போது பாப்பாஜியைத் திட்டுவது மாணவிகளுக்குச் சுலபம். மாமியார் ஜீஜியிடம் வரும்போதுதான் தடுமாறுகிறார்கள். சமையலறை அதிகாரத்தையே தன் பலமாக நம்புகிறவள் அவள். யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் கரண்டியில் ஓர் இன்பம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது.

"எங்கம்மாவுக்குப் பரிமாறுறதுதான் மேடம் பிடிக்கும்" என்றாள் ஒரு மாணவி.

"பிடிக்கட்டும். சாப்பாடு சூடா இருக்கறப்போ அவங்களுக்கு யார் வெச்சாங்க?"

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கல்யாண மண்டபத்துல, கேட்டரிங்காரங்க."