பட்டறையில் பிறந்த மின்னிசை

சிந்தசைசரின் மூல வடிவங்கள் பலவும் தனி மனிதர்களின் வீட்டு மேசைகளில் உருவானவை. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இயற்பியலாளராக இருந்த ஹியூ லெ கெய்ன், 1945இல் ‘எலக்ட்ரானிக் சாக்பட்’ என்னும் கருவியைத் தம் வீட்டிலேயே செய்யத் தொடங்கி 1948இல் முடித்தார். அதன் கட்டையை அழுத்தும் விசைக்கேற்ப ஒலி ஏறி இறங்கும். கட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் சுருதி வழுக்கிச் செல்லும். இடக்கை விரல்கள் நாதத்தின் தன்மையை மாற்றும். கமகம் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை விளக்காமலே புரியும். ஒலியை மின்னழுத்தத்தால் ஆளும் முறையை இந்தக் கருவி கையாண்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து வந்த சிந்தசைசர்கள் எல்லாம் அந்த முறையின் மேல்தான் நின்றன.

மின்னழுத்தக் கட்டுப்பாட்டின் தத்துவம் எளிது. ஓர் அலையியற்றி ஒலி அலையை உண்டாக்குகிறது. வடிகட்டி அதன் மேல்சுரங்களைக் குறைக்கிறது. பெருக்கி அதன் அளவை ஏற்றி இறக்குகிறது. இந்த மூன்றையும் கையால் திருகாமல், வேறொரு சுற்றிலிருந்து வரும் மின்னழுத்தத்தால் ஆட்டுவிக்கலாம். ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும் என்பது, பின்னர் சிந்தசைசர் செய்த ராபர்ட் மூக் பின்பற்றிய கணக்கு. ஒரு சுற்றின் வெளிப்பாடு இன்னொன்றின் உள்ளீடாகலாம் என்பதால், எதை எதோடு இணைப்பது என்பதே இசையமைப்பின் ஒரு பகுதியானது.

மூக்கும் வீட்டுப் பட்டறையிலிருந்து வந்தவர்தான். ரஷ்யப் பொறியாளர் லியோன் தெரெமின் 1920 வாக்கில் கண்டுபிடித்த, கையால் தொடாமலே வாசிக்கும் கருவியை அவர் இளம் வயதிலேயே தந்தையோடு சேர்ந்து செய்து பழகினார். பின்னர் அதைத் தாமே பொருத்திக்கொள்ளும் உதிரிப் பாகங்களாக விற்றார். 1964இல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அலகுகளே மூக் சிந்தசைசரின் தொடக்கம். அதே காலத்தில் கலிபோர்னியாவில் மார்டன் சபோட்னிக், ராமோன் செண்டர் என்னும் இசையமைப்பாளர்களுக்காக டான் புக்லா வேறொரு கருவியைச் செய்தார். பியானோக் கட்டைகளை அவர் வைக்கவே இல்லை. தொட்டால் மின்னழுத்தம் தரும் தகடுகளை வைத்தார். பழைய கட்டைகளை வைத்தால் பழைய இசைதான் பிறக்கும் என்பது அவர் எண்ணம். சந்தை மூக்கின் பக்கம் சாய்ந்தது. சோதனைக் கருவி செய்பவர்கள் இன்றுவரை அதிகம் கடன்பட்டிருப்பது புக்லாவுக்கே.

இன்னும் துணிச்சலான வழியில் சென்றவர்கள் நியூயார்க்கின் லூயி பேரன், பெபே பேரன் தம்பதியர். நார்பர்ட் வீனரின் சைபர்நெட்டிக்ஸ் நூலைப் படித்த லூயி, வெற்றிடக் குழாய்களைக் கொண்டு தனித்தனிச் சுற்றுகளை அமைத்தார். அளவுக்கு மீறிய மின்சாரத்தில் அவை அலறி, துடித்து, எரிந்து அணைந்துபோகும். ஒருமுறை எரிந்த சுற்று அதே ஒலியை மறுபடி தராது என்பதால் எல்லாவற்றையும் நாடாவில் பதிந்துகொண்டார்கள். மணிக்கணக்கான அந்தப் பதிவுகளிலிருந்து இசையாகக்கூடிய துண்டுகளைப் பொறுக்கி எடுத்தவர் பெபே. 1956இல் வந்த ‘ஃபார்பிடன் பிளானட்’ திரைப்படத்தின் முழு ஒலியமைப்பும் இப்படி உருவானது. ஆனால் படத்தின் பெயர்ப் பட்டியலில் ‘இசை’ என்ற சொல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ‘மின்னணு ஒலிகள்’ என்றே குறிப்பிடப்பட்டார்கள். அது பெரும் அநீதி. திரையிசை வரலாற்றில் அந்தப் படத்தின் இடம் இன்று யாராலும் மறுக்கப்படுவதில்லை.

இங்கிலாந்தில் டாப்னி ஓரம் 1959இல் பி.பி.சி.யை விட்டு விலகி, கென்ட் பகுதியில் தம் வீட்டிலேயே ஒலிக்கூடம் அமைத்தார். 35 மி.மீ. பிலிம் சுருளில் கோடுகளாக வரைந்ததை ஒளியால் படித்து ஒலியாக்கும் இயந்திரத்தை அவர் அங்கே செய்தார். அது இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1970களில் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் என்ற மின்னிசைக் கூடத்தில் மிஷேல் வைஸ்விஸ் பரப்பிய ‘கிராக்டூஸ்’ கையடக்கமான ஒரு பெட்டி. உள்ளே பழைய ரகப் பெருக்கி ஐ.சி. (ஒருங்கிணைந்த சுற்று) ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, சிறு ஒலிபெருக்கி. மேலே சில உலோகத் தகடுகள். குமிழும் இல்லை, கட்டையும் இல்லை. இரண்டு தகடுகளில் விரல் பட்டால் வாசிப்பவரின் உடலே மின்தடையாகிச் சுற்றை முழுமைப்படுத்துகிறது. விரலை அழுத்தினாலோ, வியர்த்தாலோ, இடம் மாற்றினாலோ ஒலி மாறும். கணித்து வாசிக்க முடியாது. காதால் பின்தொடர்ந்துதான் வாசிக்க வேண்டும். ஒரு கருவியில் தோலுக்கும் ஒலிக்கும் இவ்வளவு நெருக்கம் அமைவது அபூர்வம்.

அமெரிக்காவில் பியானோ கலைஞராகப் புகழ்பெற்ற டேவிட் டியூடர், மெல்ல மெல்லப் பியானோவை விட்டுவிட்டுத் தாமே செய்த சுற்றுகளை வாசிக்கலானார். 1968இல் உருவான ‘ரெயின்ஃபாரஸ்ட்’ படைப்பில் அன்றாடப் பொருள்களில் அதிர்வூட்டிகளைப் பொருத்தி அவற்றையே ஒலிபெருக்கியாக்கினார். இந்தியாவோடு அவருக்குள்ள தொடர்பு இதே காலத்தது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரோடு ஒரு மின்னிசைக் கூடத்தை அமைத்துக் கொடுத்தவர் டியூடர்தான். அதற்குப் பின்னணியாக இருந்தவர் கீதா சாராபாய். 1940களில் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேலையிசை கற்றவர். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்துர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அந்தக் கூடத்தில் செய்த பதிவுகள் நெடுங்காலம் காப்பகத்தில் முடங்கிக் கிடந்தன. பால் பர்காஸ் என்ற கலைஞர் அவற்றைத் தேடி எடுத்த பிறகு, 1969 முதல் 1972 வரையான பதிவுகள் 2023இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. இந்திய மின்னிசையின் வரலாற்றைத் திரைப்படத்தோடு மட்டும் நிறுத்தி இனி எழுதக் கூடாது.

1983இல் யமஹாவின் டி.எக்ஸ்.7 வந்தது. கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மிடி முறையும் அதே ஆண்டில் வந்தது. சிந்தசைசர் மலிவானது, நம்பகமானது, மேடைதோறும் ஏறியது. இழப்பும் உண்டு. டி.எக்ஸ்.7இன் உள்ளமைப்பு சிக்கலானது என்பதால், வாங்கியவர்களில் பெரும்பாலோர் தயாராக வந்த ஒலிகளையே பயன்படுத்தினார்கள். ஒலியைத் தேடும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது.

அந்தத் தேடலைக் கைவிடாதவர்கள் பொம்மைகளைத் திறந்தார்கள். அந்த வழியை முன்பே தொடங்கியவர் சின்சினாட்டியின் ரீட் கசாலா. 1960களில் அவர், மேசை இழுப்பறையில் கிடந்த சிறு பெருக்கி ஒன்று உலோகத்தில் உரசித் தானாகவே கூவக் கேட்டார். அதிலிருந்து, பேட்டரி பொம்மைகளின் சுற்றில் வேண்டுமென்றே குறுக்கிணைப்பு கொடுத்துப் புதிய ஒலி காணும் கலையை வளர்த்தார். சிகாகோவில் கற்பித்த நிக்கோலஸ் காலின்ஸ், 2006இல் வெளிவந்த தம் கையேட்டின் மூலம் இதை உலகெங்கும் வகுப்பறைப் பாடமாக்கினார்.

அந்த வழியில் பரவலான ஒரு சுற்று 40106 என்ற ஐ.சி.யைக் கொண்டது. அதற்குள் ஆறு தலைகீழாக்கிகள் உண்டு. ஒன்றின் வெளிப்பாட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு மின்தடை, உள்ளீட்டிலிருந்து தரைமுனைக்கு ஒரு மின்தேக்கி, அவ்வளவுதான். மின்தேக்கி நிரம்பி ஒரு வரம்பைத் தொட்டதும் வெளிப்பாடு கவிழும். வடிந்து கீழ்வரம்பைத் தொட்டதும் நிமிரும். 100 கிலோ ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரடும் போட்டால் 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு கரகரப்பான நாதம் எழும். மின்தேக்கியை 10 மைக்ரோ ஃபாரடாக மாற்றினால் அதே சுற்று நொடிக்கு ஒருமுறை ‘டக்’ என்று தாளம் போடும். மின்தடைக்குப் பதிலாக ஒளியுணர் மின்தடையை வைத்தால் கையின் நிழலே சுருதியை இறக்கும். ஒரே ஐ.சி.யில் இப்படி ஆறு குரல்கள் கிடைக்கின்றன.

1990களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் வகுத்த யூரோராக் அளவுமுறையால், பெரிய நிறுவனத்தின் அலகும் தனியாள் செய்த அலகும் ஒரே சட்டத்தில் அமர்ந்தன. 2005இல் வந்த ஆர்டுயினோ என்ற நிரலிடத்தக்க சிறு மின்பலகை, நிரல் எழுதத் தெரிந்தவர்களையும் இந்தப் பக்கம் இழுத்தது.

தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளில் மின்னணுச் சுருதிப்பெட்டி வெகுகாலமாகவே ஒலிக்கிறது. அப்படிப்பட்ட கருவிகளை ராடெல் என்ற பெயரில் உருவாக்கிய பெங்களூரின் ஜி. ராஜ் நாராயண், பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமாவார். இசை தெரிந்த கையே சுற்றையும் கட்டினால் என்ன விளையும் என்பதற்கு அது நல்ல சான்று. மேலே சொன்ன சுற்றுக்கு வேண்டிய பாகங்கள் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பவை. பொறியியல் கல்லூரி ஆய்வகங்களிலும் இருப்பவை. இசைக் கல்லூரிகளும் ஒரு மேசையையும் பாகங்களைச் செருகியே சுற்று அமைக்கும் சில பிரெட்போர்டுகளையும் மாணவர்களுக்கு ஒதுக்க வேண்டும். செய்து பார்ப்பவர்கள் பேட்டரியில் மட்டும் செய்யட்டும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் எந்தக் கருவியையும் திறக்க வேண்டாம்.